பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்டர்ன்ஷிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரூர் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியராக இருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு போன் அடிக்க ஆரம்பிக்கும். ஆள்தான் மாறும், கேள்வி அதேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். அரசுத் திட்டங்களின் தேதியும் விதியும் வருடத்துக்கு வருடம் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் முன் அந்த வருட அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"இன்டர்ன்ஷிப்னா காலேஜ் பசங்க போறதுதானே சார்? பத்தாவது முடிச்சவனுக்கு எதுக்கு?"

காலேஜ் பையன் வேலை செய்யப் போகிறான். பள்ளிப் பிள்ளை வேலையைப் பார்க்கப் போகிறது. மூன்று முதல் ஐந்து நாள், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், ஓர் ஓரமாக உட்கார்ந்து அங்கே என்ன நடக்கிறது என்று கவனித்தால் போதும்.

பத்தாவது முடித்ததும் குரூப் எடுத்தாக வேண்டும். பயோ-மேத்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா, காமர்ஸா என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் நண்பன் எடுப்பதைச் சொல்லும், இல்லாவிட்டால் மாமா சொன்னதைச் சொல்லும். ஆடிட்டர் ஆகப்போகிறேன் என்பவன் ஆடிட்டர் ஆபீஸ் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டான். இரண்டு வருடப் படிப்பைத் தீர்மானிக்கும் முன் நான்கு காலைப்பொழுதைச் செலவழிப்பதில் என்ன நஷ்டம்?

"அரசாங்கமே ஏதாவது நடத்துதா? நான் முதல்வன்னு சொல்றாங்களே, அதுல எங்க பையனுக்கு என்ன கிடைக்கும்?"

'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்டது. கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி, பள்ளி மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டுதல் என இரண்டு பக்கமும் அதில் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்துக் கல்லூரிக்கு அழைத்துப்போய்க் காட்டும் கல்லூரிக் களப்பயணம், எந்தப் படிப்பு எங்கே இருக்கிறது என்று மாவட்டந்தோறும் சொல்லும் 'கல்லூரிக் கனவு', பிளஸ் டூ முடித்தும் எங்கேயும் சேராமல் வீட்டில் இருப்பவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் 'உயர்வுக்குப் படி' எல்லாம் இதோடு சேர்ந்தவை. சந்தேகம் இருந்தால் 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்கு அடிக்கலாம்.

இவை எல்லாம் நல்ல திட்டங்கள். ஆனால் இவை காட்டுவது கல்லூரியைத்தான். கல்லூரிக்கு அப்புறம் வரும் வேலையை, அந்த மேஜையை, அந்தப் பட்டறையைப் பார்ப்பதற்கு வழக்கமான குரூப் பிள்ளைகள் பெரும்பாலும் தாங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

"வொகேஷனல் குரூப்ல சேந்தா ஸ்கூல்லயே பயிற்சிக்கு அனுப்புவாங்களாமே? ஆனா அது மார்க் வராத பசங்க எடுக்கறதுன்னு எங்க வீட்டுல சொல்றாங்க."

தொழிற்கல்விப் பிரிவில் செய்முறையும் வெளியிடப் பயிற்சியும் படிப்போடு வருகின்றன. அடிப்படை இயந்திரவியல், மின் பொறியியல், ஆட்டோமொபைல், வேளாண் அறிவியல், ஆடை வடிவமைப்பு, அலுவலக மேலாண்மை, நர்சிங் எனப் பல பிரிவுகள் உண்டு. எல்லாப் பள்ளியிலும் எல்லாம் இருக்காது. சேரும் முன் அந்தப் பிரிவுக்கு ஆசிரியர் இருக்கிறாரா, ஒர்க் ஷாப் பூட்டாமல் திறந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் சேர்ப்பதைவிட வேறு பள்ளி தேடுவது மேல்.

மார்க் வராதவன் எடுப்பது என்கிற பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. இந்தப் பிரிவில் முடித்தவர்கள் தொடர்புடைய பாலிடெக்னிக் டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர வழியிருக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் தொழிற்கல்வி மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் அடைபடும் கதவையும் சொல்லிவிட வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல் படிக்காமல் நீட் எழுதி டாக்டராக முடியாது. நர்சிங் பிரிவு முடித்ததாலேயே நர்ஸ் ஆகிவிடவும் முடியாது. அதற்குப் பிறகு தனியாகப் படித்துப் பதிவு செய்ய வேண்டும்.

"இஸ்ரோவுல ஸ்கூல் பசங்களைக் கூப்பிடறாங்கன்னு வாட்ஸாப்ல வந்துச்சு. உண்மையா, பொய்யா?"

உண்மை. 'யுவிகா' என்று பெயர், 2019-இல் ஆரம்பித்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு, கோடை விடுமுறையில் இரண்டு வாரம், இஸ்ரோ மையம் ஒன்றிலேயே தங்கிப் பார்க்கும் வாய்ப்பு. தங்கும் இடம், சாப்பாடு, பயணச் செலவு எல்லாம் இஸ்ரோ பொறுப்பு. எட்டாம் வகுப்பு மார்க், இணையவழி வினாடி வினா, அறிவியல் கண்காட்சி, என்.சி.சி., சாரணர் போன்றவற்றை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். கிராமப் பஞ்சாயத்துப் பகுதியில் உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் மதிப்பெண் தருவது நம் பிள்ளைகளுக்கு நல்ல செய்தி.

பத்தாவது வந்த பிறகு கேட்டுப் பயனில்லை. ஒன்பதாவதிலேயே, பொங்கல் முடிந்ததில் இருந்து இஸ்ரோ இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். வாட்ஸாப்பில் வரும் லிங்க்கைத் தொட வேண்டாம். நாடு முழுவதும் இருந்து சில நூறு பேரைத்தான் எடுக்கிறார்கள், அதனால் இதை மட்டுமே நம்பி உட்கார்ந்திருக்கவும் வேண்டாம்.

"எங்களுக்குப் பெரிய ஆளுங்க யாரையும் தெரியாது. எங்க போயி யாரைக் கேக்கறது?"

அதிகம் பேர் தயங்கி நிற்பது இந்த இடத்தில்தான். பெரிய ஆள் யாரும் தேவையில்லை. உங்கள் ஊரில் இருந்து டவுன் பஸ் தூரத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கால்நடை மருந்தகம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம், அச்சகம், ஆடிட்டர் ஆபீஸ், மருந்துக்கடை, கட்டட வரைபடம் போடும் இன்ஜினியர், ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனி, பஸ் பாடி கட்டும் பட்டறை, தாலுகா கோர்ட். கரூரில் இவ்வளவும் இருக்கிறது, உங்கள் ஊரில் வேறு பத்து இருக்கும். புகளூர் டி.என்.பி.எல். காகித ஆலை மாதிரி பெரிய இடங்களுக்குத் தனியாகப் போய்க் கதவைத் தட்ட முடியாது. அதற்குத் தலைமையாசிரியர் வழியாக எழுதிக் கேட்டு, வகுப்பாகப் போக வேண்டும்.

கால்நடை மருந்தகத்தை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. காலை எட்டு மணிக்குப் போனால் வாசலில் நான்கு ஆடு, இரண்டு மாடு, பையில் தலையை நீட்டிக்கொண்டு ஒரு கோழி நிற்கும். டாக்டர் மாட்டுக்காரரிடம் முதலில் கேட்பது "அசை போடுதா?" என்றுதான். மூடியைத் திறந்தால் புகை கிளம்பும் ஒரு கேன் மூலையில் இருக்கும். திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி, சினை ஊசிக்கான விந்துக் குச்சிகள் அதற்குள்தான். வேதியியல் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததைப் பிள்ளை அங்கே கண்ணால் பார்க்கும். எருமை உதைத்தால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவப் படிப்புக்குப் பிளஸ் டூ மார்க் போதும், நீட் இல்லை. இது பல வீடுகளில் இன்னும் தெரியவில்லை.

கோர்ட்டுக்கு யாருடைய சிபாரிசும் வேண்டாம். விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடப்பது. செல்போனை அணைத்துவிட்டுப் பின் பெஞ்சில் அமைதியாக உட்காரலாம். குழந்தைகள் தொடர்பான வழக்கு போன்ற சிலவற்றை மூடிய அறையில் நடத்துவார்கள், அப்போது எழுந்து வந்துவிட வேண்டும். மே மாதம் சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை, அதனால் மாஜிஸ்திரேட் கோர்ட் பக்கம் போகச் சொல்லுங்கள். ஒரு நாள் உட்கார்ந்தால் சினிமாவில் வரும் வக்கீலுக்கும் "வாய்தா" கேட்டுப் போகும் வக்கீலுக்கும் உள்ள தூரம் புரிந்துவிடும்.

"சரி சார், போயி என்னன்னு கேக்கறது? எனக்குப் பேச வராது."

பேச வராதவர்கள் எழுதிக்கொண்டு போகலாம். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் இப்படி எழுதுகிறார்கள்:

"ஐயா, வணக்கம். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறேன். காமர்ஸ் குரூப் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். தங்கள் அலுவலகத்தில் நான்கு நாள், காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை, வேலை நடப்பதை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்கிறேன். சம்பளமோ சான்றிதழோ எதிர்பார்க்கவில்லை. அங்கே பார்க்கும் கணக்கு விவரம் எதையும் வெளியே சொல்ல மாட்டேன். அப்பாவின் போன் எண்ணும் வகுப்பாசிரியர் பெயரும் கீழே இருக்கின்றன."

"சம்பளமோ சான்றிதழோ" என்ற வரியும் "வெளியே சொல்ல மாட்டேன்" என்ற வரியும் விட்டுப்போகக் கூடாது. அனுமதி தர வேண்டியவருக்கு இருக்கும் பயமே அந்த இரண்டும்தான். போகும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடிட்டர் ஆபீஸில் மாதம் 11, 20 தேதிகளை ஒட்டி ஜி.எஸ்.டி. நெருக்கடி, ஜூலையில் வருமான வரி நெருக்கடி. அப்போது போனால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். மூன்று இடத்தில் கேட்டால் ஓர் இடத்தில் சரி என்பார்கள். முடியாது என்றால் "பரவாயில்லைங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த இடம் போக வேண்டியதுதான்.

"எங்க பொண்ணு டாக்டராகணும்ங்கிறா. ஆஸ்பத்திரியில உக்கார வைப்பாங்களா?"

பெரும்பாலும் மாட்டார்கள், அது சரியும்கூட. நோயாளி தன் உடம்பைக் காட்டும் இடத்தில் வேடிக்கை பார்க்க ஆள் இருக்கக் கூடாது. மருந்துக்கடை, கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிக்கும் இடம், ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வரவேற்பு மேஜை என்று சுற்றியுள்ள வேலைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்ததான முகாமில் பழச்சாறு கொடுக்கும் தன்னார்வலராகப் போகலாம். ரத்தம் பார்த்தால் மயக்கம் வருகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும், நீட் கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் தெரிவது நல்லதுதானே. மேலே சொன்ன கால்நடை மருந்தகமும் இவளுக்கும் பொருந்தும்.

"பொம்பளப் புள்ளைய தெரியாத இடத்துக்கு எப்படிங்க அனுப்பறது?"

நியாயமான பயம். பையனை அனுப்புகிறவர்களும் இதைக் கேட்க வேண்டும் என்பேன். முதல் நாள் அப்பாவோ அம்மாவோ கூடப் போய், எங்கே உட்காரப் போகிறாள், கழிப்பறை இருக்கிறதா, அங்கே வேலை செய்யும் பெண்கள் யார் என்று பார்த்துவிட்டு வர வேண்டும். இரண்டு பிள்ளைகளாக அனுப்புவது இன்னும் நல்லது. ஆபீஸ் நேரத்தில், எல்லோரும் இருக்கும் அறையில் மட்டும். முதலாளியின் வண்டியில் வெளியே போவது, "ஆளில்லாத நேரத்துல வா" என்று தனியாக மெசேஜ் வருவது இரண்டும் அன்றோடு நிறுத்த வேண்டிய அறிகுறிகள்.

வீட்டில் சொல்லிவைக்க வேண்டியது ஒன்று உண்டு: "எதுனாலும் பிடிக்கலேன்னா பாதியிலேயே எந்திரிச்சு வந்துரு, ஏன்னு நாங்க திட்ட மாட்டோம்." இதைச் சொல்லாமல் அனுப்பாதீர்கள். 18 வயதுக்குள் இருக்கும் யாருக்கும் தொந்தரவு என்றால் 1098 குழந்தைகள் உதவி எண் இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

"இது குழந்தைத் தொழிலாளர் கேஸ் ஆகிடாதா?"

உட்கார்ந்து பார்ப்பது வேலை அல்ல. கையில் வேலையைக் கொடுத்து ஒருவரின் இடத்தை நிரப்பச் சொன்னால் சட்டம் வந்துவிடும். 1986-இல் வந்து 2016-இல் திருத்தப்பட்ட குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டத்தின்படி 14 வயது ஆகாதவர்களை வேலைக்கு வைக்கவே கூடாது. பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் கூடமாட உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 14 முதல் 18 வரை உள்ளவர்களைச் சுரங்கம், வெடிபொருள், ஆபத்தான தொழில்முறைகள் ஆகியவற்றில் சேர்க்கக் கூடாது. சிவகாசியில் அச்சகத்துக்கு அனுப்பலாம், பட்டாசு ஆலைக்கு அனுப்பவே கூடாது.

ஆபத்தில்லாத வேலையிலும் வரம்பு இருக்கிறது. தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, பிறகு ஒரு மணி நேரம் ஓய்வு. ஓய்வையும் சேர்த்து நாளைக்கு ஆறு மணி நேரம்தான். இரவு ஏழு முதல் காலை எட்டு வரை கிடையாது. ஓவர்டைம் கிடையாது, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கட்டாயம். பார்க்க மட்டும் போகும் பிள்ளைக்கும் இதே கணக்கை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பட்டறைக்குப் போகிறவன் மிஷினைத் தொடக் கூடாது. வெல்டிங் பொறியை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது, செருப்புக்குப் பதில் ஷூ.

"ரெண்டாயிரம் கட்டினா ஒரு மாச ஆன்லைன் இன்டர்ன்ஷிப், சர்டிபிகேட்டோட தர்றாங்களாம். கட்டலாமா?"

வேண்டாம். வேலை காட்டுவதற்குப் பணம் கேட்கிறவர் விற்பது சான்றிதழைத்தான். ஒரு பிள்ளை இப்படி வாங்கிய தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டியது. தங்க நிற முத்திரை, இரண்டு கையெழுத்து, "மார்க்கெட்டிங் இன்டர்ன்" என்று பட்டம். என்ன செய்தாய் என்று கேட்டேன். அதே கம்பெனியின் விளம்பரத்தைத் தன் நண்பர்கள் இருபது பேருக்கு அனுப்பியதுதான் அந்த ஒரு மாத வேலை!

வீட்டில் இருந்தே கற்க வேண்டுமென்றால் சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஸ்கூல் கனெக்ட்' படிப்புகளைப் பாருங்கள். தரவு அறிவியல், மின்னணுவியல் போன்றவற்றைப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நடத்துகிறார்கள், பள்ளி வழியாகச் சேர வேண்டும். அது படிப்புதான், இன்டர்ன்ஷிப் அல்ல. இரண்டையும் ஒன்றென்று எண்ண வேண்டாம்.

"சர்டிபிகேட் இருந்தா காலேஜ் சீட்டுக்கு மார்க் சேருமா?"

சேராது. பொறியியலுக்குக் கட்-ஆஃப், மருத்துவத்துக்கு நீட், வேளாண்மைக்கும் அரசு சட்டக் கல்லூரி ஐந்தாண்டுப் படிப்புக்கும் பிளஸ் டூ மார்க். எங்கேயும் இன்டர்ன்ஷிப் தாளுக்கு இடமில்லை. கட்டுரை எழுதச் சொல்லி, நேர்காணல் வைத்துச் சேர்க்கும் சில தனியார் பல்கலைக்கழகங்களிலும் வெளிநாட்டுக் கல்லூரிகளிலும் நீங்கள் பார்த்ததைப் பற்றிப் பேசினால் காது கொடுப்பார்கள். அங்கேயும் தாள் பேசாது.

அதனால் பிள்ளைகளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டை மட்டும் கொண்டுபோகச் சொல்கிறேன். தினமும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: இன்று யார் என்ன செய்தார், எதில் சலிப்புத் தட்டியது, அவர் என்ன படித்து எப்படி இங்கே வந்தார். அச்சகத்துக்குப் போன ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "அண்ணா கல்யாணப் பத்திரிகையில் ஒரு எழுத்துப் பிழைக்கு ஐந்நூறு பத்திரிகையையும் மறுபடி அடித்தார். காகிதக் காசு அவருடையது. அதற்கப்புறம் நான்கு முறை படித்துப் பார்த்தார்." இப்படி ஒரு வரி எழுதியவள் எந்த நேர்காணலிலும் திணற மாட்டாள்.

"பி.எம். இன்டர்ன்ஷிப்ல மாசம் அஞ்சாயிரம் தர்றாங்களாமே, பிளஸ் டூ முடிச்ச உடனே போடலாமா?"

அந்தத் திட்டம் 2024-இல் தொடங்கியபோது வயது வரம்பு 21 முதல் 24. முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அப்போது அதில் இடமில்லை. பள்ளி முடித்து வரும் 17, 18 வயதுப் பிள்ளைக்கானதாக அது ஆரம்பிக்கப்படவில்லை.

சின்ன வயதிலேயே கைத்தொழிலும் கொஞ்சம் உதவித்தொகையும் வேண்டுமென்றால் ஐ.டி.ஐ. இருக்கிறது. எட்டாவது, பத்தாவது முடித்தவர்கள் சேரலாம், அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் தருகிறார்கள். முடித்த பிறகு 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி கம்பெனியில் உதவித்தொகையோடு தொழிற்பழகுநராகப் போகலாம். வொகேஷனல் பற்றிச் சொன்னது போல இதற்கும் டிப்ளமோவுக்கு மேலேறும் வழி உண்டு.

"நான் ஆடிட்டர் ஆபீஸ் வெச்சிருக்கேன். பையன் வந்தா அவனுக்கு என்ன வேலை குடுக்கறது, டீ வாங்கிட்டு வரச் சொல்றதைத் தவிர?"

இப்படிக் கேட்கிறவர் கிடைத்தால் விடாமல் பிடித்துக்கொள்வேன். முதல் நாள் உங்கள் ஊழியர் ஒருவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். இரண்டாம் நாள் ஒரு மளிகைக்கடையின் பழைய பில்களைப் பெயரை மறைத்துக் கொடுத்து, தேதி வாரியாக அடுக்கி வரவு செலவு கூட்டச் சொல்லுங்கள். தவறு வந்தால் எங்கே விட்டான் என்று அவனையே தேடவிடுங்கள். கடைசி நாள் கால் மணி நேரம் உட்கார்ந்து, நீங்கள் எத்தனை முறை சி.ஏ. எழுதினீர்கள், ஆர்ட்டிகிள்ஷிப்பில் (சி.ஏ. படிக்கும்போது ஆடிட்டரிடம் எடுக்கும் பயிற்சியில்) எவ்வளவு கிடைத்தது என்று உள்ளபடி சொல்லுங்கள். டீ வாங்கி வரச் சொல்லலாம், தப்பில்லை. நான்கு நாளும் அது மட்டுமே என்றால் தப்பு.

"பையன் நல்லா சுறுசுறுப்பா இருக்கானாம். லீவு முழுக்க வரட்டும், நாளைக்கு முந்நூறு ரூபா தர்றேங்கிறார் முதலாளி. அனுப்பவா?"

பார்க்கப் போனவன் வேலைக்குப் போகிறான் என்றால் மேலே குழந்தைத் தொழிலாளர் கேள்விக்குச் சொன்ன எல்லாம் அப்படியே பொருந்தும்: வயது, ஆறு மணி நேரம், ராத்திரி கூடாது, ஆபத்தான வேலை கூடாது. அதற்குள் அடங்கும் வேலை என்றால், குடும்பத்துக்குப் பணம் தேவை என்றால், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பணத்தை அவன் பேரில் உள்ள வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். 10 வயது முடிந்த பிள்ளையே தன் கணக்கைத் தானே நடத்த வங்கிகளில் வழியிருக்கிறது.

எனக்கு இருக்கும் பயம் ஜூன் மாதம் பற்றியது. பள்ளி திறந்த பிறகும் "சனி, ஞாயிறு மட்டும்" என்று ஆரம்பித்து, காலாண்டுப் பரீட்சைக்குள் முழுநேரமாகி, நோட்டுப் புத்தகம் திரும்பி வராத பையன்களை எனக்குத் தெரியும். அதனால் முதலாளியிடம் முதலிலேயே தேதி சொல்லுங்கள்: "மே 31-ஓட நிறுத்திக்குவான், அடுத்து பரீட்சை லீவுலதான்." சரி என்றால் அனுப்புங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இழுத்தால் அனுப்ப வேண்டாம். பிளஸ் ஒன் அட்மிஷன் போட்டுவிட்டீர்களா என்பதை மட்டும் எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.